பொழுது சாய்வதற்குள் ஒரு சுற்று

செயின் மூன்றாவது தடவை கழன்று விழுந்தபோது சக்கரவர்த்தி சைக்கிளைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றே கால். ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம் என்று கிளம்பிய பாதை அது. ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. பாதை கால்வாசிகூட முடியவில்லை.

"ஒண்ணும் அவசரம் இல்ல அங்கிள். நீங்க கைய வெச்சிடாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று தர்ஷன் அவருடைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தான்.

அவசரம் இல்லையாம். பிரசவத்துக்கு ஓடுகிற ஆட்டோக்காரருக்குக்கூட சக்கரவர்த்திக்கு அன்றைக்கு இருந்த அவசரம் இருந்திருக்காது.

விஷயம் இதுதான். தர்ஷன் அவருடைய மகள் மதுமிதாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம், பெங்களூரில் வேலை. பெரியவர்கள் போன மாதமே வந்து எல்லாம் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சம் ஒன்றே ஒன்று. பையன் வந்து பெண் வீட்டில் கை நனைக்க வேண்டும். ஒரு வாய் சாப்பிட்டு எழுந்தால் சம்மதம், மறுநாளே முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கலாம். சொன்ன நாளில் சாப்பிடாமல் போய்விட்டால் இடம் அமையவில்லை என்று அர்த்தம். அப்புறம் இரண்டு வீட்டாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். ஏன் என்று கேள்வி கிடையாது, மனத்தாங்கலும் கிடையாது. இரண்டு குடும்பத்திலும் வெகுகாலமாக இதுதான் வழக்கம்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவர்கள் வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். கல்யாணப் பந்தியானாலும் வெளிச்சத்தோடு முடிந்துவிட வேண்டும். இது தை மாதம். ஆறு பத்துக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும்.

ஆக, ஆறு பத்துக்குள் தர்ஷன் திருவண்ணாமலை ஓரத்து வேங்கிக்காலில் இருக்கும் வீட்டுக்குப் போய் இலை முன்னால் உட்கார வேண்டும். மதுமிதாவுக்கு வயது இருபத்தொன்பது. இது பதினோராவது இடம். ஆரணி, போளூர், வந்தவாசி என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் சக்கரவர்த்திக்கு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. இந்த இடமும் தவறினால் இன்னொரு தடவை பஸ் ஏறத் தெம்பு இல்லை என்று மனைவி மருதேவியிடம் சொல்லியிருந்தார். மகளிடம் பையனைப் பிடித்திருக்கிறதா என்றும் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் மருதேவி, பிடிக்காமல் என்ன என்று சொல்லிவிட்டாள். யார் சொன்னால் என்ன, பதில் வந்துவிட்டதே என்று அவர் மேலே கேட்கவில்லை.

சைக்கிள் வந்தது அவருடைய வாயால். தர்ஷனுக்கு மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவதில் பைத்தியம். அது தெரிந்ததும் சக்கரவர்த்தி போனில் பேசும்போது, செங்கம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரட்டுக் குன்று, ஓடை, ஏரி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஒரு பாதை போகிறது, வெள்ளைக்காரர்களெல்லாம் அதில்தான் ஓட்டுகிறார்கள், தமக்கு அந்தப் பாதை அத்துப்படி என்று அளந்துவிட்டார். அந்தப் பாதையை அவர் பார்த்ததுகூடக் கிடையாது. வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் முப்பது வருடமாகப் பழைய கிராம வரைபடங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. அந்தப் பக்கத்து நிலம் ஒவ்வொன்றும் அவருக்குக் காகிதத்தில் தெரியும். கடைசியாக சைக்கிள் ஓட்டியது கல்யாணத்துக்கு முன்னால்.

இன்றைக்கு ஒன்றரை மணிக்குப் பையன் காரில் வந்து இறங்கினான். கார் தலைமேல் சைக்கிள். மருதேவி இலை போடப்போனாள். பையன் ரொம்பப் பணிவாக, ஒரு சுற்று போய்விட்டு வந்து நல்ல பசியோடு சாப்பிடுகிறேன், அங்கிளும் கூட வந்து வழி காட்டினால் சந்தோஷமாக இருக்கும் என்றான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆசிரமத்துப் பக்கம் வேணு என்பவர் நடத்தும் வாடகைக் கடையிலிருந்து சக்கரவர்த்திக்கும் ஒரு சைக்கிள் வந்தது. இருபத்தொரு கியர். ஒன்றைத் தவிர மற்ற இருபதும் எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. மதுமிதாதான் ஹெல்மெட்டின் வாரை அவர் தாடைக்குக் கீழே மாட்டிவிட்டு, தண்ணீர் பாட்டிலையும் கொடுத்து அனுப்பினாள்.

தர்ஷன் செயினை மாட்டினான். மாட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவன் ஒரு துணியை எடுத்து செயினின் ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்தான். துடைத்துவிட்டு எண்ணெய் போட்டான். எண்ணெய் போட்டுவிட்டு, எந்தக் கியரை எப்போது மாற்ற வேண்டும் என்று பொறுமையாகப் பாடம் நடத்தினான். இவ்வளவு நிதானமான பிள்ளையை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது என்று சக்கரவர்த்தி பெருமைப்பட்டார். பெருமைப்பட்டு முடித்தபோது மணி மூன்றே முக்கால்.

கரட்டின் அடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. சைக்கிள்காரர்களுக்காக யாரோ பாறையில் சிவப்புப் பெயின்ட்டால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அது இடது பக்கம் காட்டியது.

தர்ஷன் காலை ஊன்றி நின்றான். "அம்புக்குறி இப்படிக் காட்டுது அங்கிள். ஆனா உங்களுக்குத்தான இந்த இடமெல்லாம் தெரியும். வேற குறுக்கு வழி ஏதாவது இருக்குதா?"

இருந்தது. வரைபடத்தில் இருந்தது. வலது பக்கம் ஒரு பழைய வண்டிப்பாதை, அறுபது வருடத்துக்கு முன்னால் அளந்து கோடு போட்டது, கரட்டை ஒட்டியபடி நேராக ஏரிக்கரைக்குப் போகிறது. சக்கரவர்த்தி அந்தக் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவார். இப்படிப் போனால் முக்கால் மணி நேரம் மிச்சம் என்று தைரியமாகச் சொல்லிவிட்டு முன்னால் போனார்.

முதல் இருநூறு அடி வண்டிப்பாதை மாதிரிதான் இருந்தது. அப்புறம் அதில் வேலிகாத்தான் முளைத்திருந்தது. ஒன்றிரண்டு செடி இல்லை, காடு. இறங்கித் தள்ளினார்கள். தள்ள முடியாத இடத்தில் தூக்கினார்கள். முள் சட்டையைப் பிடித்து இழுத்தது, சட்டையை விடுவித்தால் பேன்ட்டைப் பிடித்தது. சக்கரவர்த்திக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் பாதை போகிற திசை வரைபடத்தோடு அச்சாகப் பொருந்தியதால் அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி.

கால் மணி நேரத்துக்குப் பிறகு பாதை முடிந்தது. அங்கே ஒரு பெரிய கல்குவாரிப் பள்ளம். அறுபது அடி ஆழம் இருக்கும், அடியில் பச்சைத் தண்ணீர். அந்தப் பக்கக் கரையில் வண்டிப்பாதை ஒன்றும் நடக்காதது போல் மறுபடி தொடங்கி ஏரியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

"பாதை கரெக்ட்தான் அங்கிள். நடுவுலதான் இல்ல" என்றான் தர்ஷன்.

இன்னொரு பையனாக இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பான். இவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சக்கரவர்த்திக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அங்கிள் எப்போது மாமா ஆகும் என்பது மட்டும்தான் அவருக்கு இருந்த குறை.

வந்த வழியே திரும்பித் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவருடைய முன்சக்கரம் சப்பையாகிக் கிடந்தது. தர்ஷன் பையைத் திறந்து பஞ்சர் ஒட்டும் சாமான்களைப் பரப்பினான். ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றான். பாட்டிலில் இருந்ததைக் கொடுத்தார். அது போதாது, டியூப் முழுக்க முங்க வேண்டும் என்று எங்கேயோ ஒரு பம்புசெட்டைத் தேடிக்கொண்டு போனான். போனவன் திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. ஒட்டியதும் உடனே காற்றடிக்கக் கூடாதாம், பசை பிடிக்க வேண்டுமாம். இருவரும் பசை பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் மருதேவி போன் செய்தாள். வடை ஆறுகிறது, பாயசம் இறுகுகிறது, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். வந்துகொண்டே இருக்கிறோம், ஏரிக்கரை தெரிகிறது என்றார் சக்கரவர்த்தி. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு டியூப்.

ஐந்து மணிக்கு மறுபடி கிளம்பினார்கள். இனி அம்புக்குறியை நம்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நேரம் போன பயத்தில் சக்கரவர்த்திக்கு ஊர்ப் புத்தி வந்துவிட்டது. திருவண்ணாமலைக்காரர்களுக்குத் திசை தெரியாவிட்டால் ஒரே ஒரு வைத்தியம். மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தால் வீடு வந்துவிடும். சுற்றி முடித்தால் கிளம்பிய இடம்தானே. அவர் ஜைனர், கிரிவலம் போனவர் இல்லை. ஆனாலும் பிறந்ததிலிருந்து ஊரே மலையை வலமாகச் சுற்றுவதைப் பார்த்தவருக்கு இடமாகத் திரும்பக் கை வராது.

"எது வந்தாலும் மலைய வலது பக்கமே வெச்சிக்கோங்க தம்பி. தப்பவே தப்பாது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அங்கிள்."

பெரிய மலை கரட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. மறைந்திருந்தாலும் அங்கேதானே இருக்கிறது என்று சக்கரவர்த்தி கரட்டையே வலப்பக்கம் வைத்துக்கொண்டு மிதித்தார். முதலில் உருண்டைக் கற்கள். அதில் சைக்கிள் குதித்த குதியில் அவருக்கு இடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்புறம் ஓடை மணல். மணலில் சக்கரம் புதைந்து நின்றது, இறங்கித் தள்ளினார். அப்புறம் ஒரு தைலமரத் தோப்பு, அப்புறம் ஒரு மேடு. மேட்டின் மேல் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்து நின்றாள். தர்ஷன் வணக்கம் சொன்னான். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த பிள்ளை என்று சக்கரவர்த்தி மூச்சிரைப்புக்கு நடுவிலும் கவனித்தார்.

மறுபடி உருண்டைக் கற்கள் வந்தன. மறுபடி ஓடை மணல். இந்த மாவட்டத்தில் இத்தனை ஓடை எந்த வரைபடத்திலும் இல்லையே என்று அவர் யோசித்தார். மணலில் ஏற்கெனவே இரண்டு சைக்கிள் தடம் இருந்தது. நமக்கு முன்னால் யாரோ போயிருக்கிறார்கள், பாதை சரிதான் என்று அவருக்குத் தைரியம் வந்தது. தைலமரத் தோப்பைத் தாண்டி மேட்டில் ஏறினால் அதே அம்மா, அதே ஆடுகள்.

சக்கரவர்த்தி சைக்கிளை விட்டு இறங்கினார். இறங்கினார் என்பதைவிட சைக்கிள் அவரை விட்டுவிட்டது என்று சொல்லலாம். "ஏம்மா, பேர் என்னம்மா உங்களுக்கு?"

"ஜோதியம்மா."

"ஜோதியம்மா, செங்கம் ரோட்டுக்கு எப்படிப் போறது?"

ஜோதியம்மாள் அவரைப் பார்த்தாள், தர்ஷனைப் பார்த்தாள். "தம்பிதான் கூட கீதே. தம்பிய கேளுங்க."

செல்போனும் ஹெல்மெட்டும் வைத்திருந்தால் அவனுக்கு எல்லாம் தெரியும் என்று இவளைப் போன்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சக்கரவர்த்தி அலுத்துக்கொண்டார். தர்ஷன் செல்போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிக் காட்டி, சிக்னல் வர மாட்டேன் என்கிறது என்று வருத்தப்பட்டான். பிறகு, இன்னொரு தடவை மலையை வலப்பக்கம் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டான்.

பார்த்தார்கள். மூன்றாவது தடவை ஜோதியம்மாளைக் கடந்தபோது சக்கரவர்த்தி அவள் பக்கம் திரும்பவில்லை.

ஐந்து முப்பத்தைந்துக்கு அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு சிவப்பு அம்புக்குறியைத் தேடிப் பிடித்தார். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. நாம் சாப்பாட்டுக்குப் போக முடியாவிட்டால் என்ன, சாப்பாடு நம்மிடம் வரட்டுமே. கை எங்கே நனைந்தால் என்ன, நனைகிற சாப்பாடு பெண் வீட்டுச் சாப்பாடுதானே. இதைக் கேட்டு தர்ஷனின் முகம் ஒரு நிமிடம் எப்படியோ ஆனது. பாவம், பசி என்று நினைத்துக்கொண்டு சக்கரவர்த்தி மகளுக்கு போன் செய்தார்.

"மது, அம்மாகிட்ட சொல்லி எல்லாத்தையும் கேரியர்ல போட்டு எடுத்துனு ஸ்கூட்டர்ல ஏரிக்கரைக்கு வந்துடு. ஆறு மணிக்குள்ள வரணும்."

"ஏரிக்கரைக்கா? சரிப்பா."

ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்ட உடனே சரி என்கிற மகள் எத்தனை பேருக்குக் கிடைப்பாள். அவளுக்காக இன்னும் பத்து ஓடையைக்கூடத் தாண்டலாம் என்று நினைத்துக்கொண்டு, கால் சதை பிடித்திழுப்பதையும் பொருட்படுத்தாமல் மிதித்தார். அம்புக்குறிப்படி வந்தால் ஏரிக்கரை பன்னிரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது.

ஐந்து ஐம்பதுக்குக் கரைமேல் நின்றார்கள். எதிர்க்கரையில் பனைமரங்களுக்கு மேலே சூரியன் இருந்தது. ஒரு ஆள் உயரம் இருக்கும். சக்கரவர்த்தி ஒரு புளியமரத்தடியில் கிடந்த சருகையெல்லாம் காலால் ஒதுக்கி, மாப்பிள்ளை உட்கார இடம் பண்ணினார். கை கழுவத் தண்ணீருக்கு ஏரியே இருக்கிறது. ஸ்கூட்டர் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

ஆறு மணிக்கு மதுமிதாவே போன் செய்தாள். "அப்பா, நான் வந்து பத்து நிமிஷம் ஆச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

"நாங்களும் ஏரிக்கரைலதாம்மா இருக்கோம்."

"நானும் ஏரிக்கரைலதாம்பா. வேங்கிக்கால் ஏரி."

ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு ஏரி, இந்தக் கோடியில் ஒரு ஏரி. எந்த ஏரி என்று சொல்லாதது தம்முடைய தப்பு என்று சக்கரவர்த்திக்குத் தெரிந்தது. செங்கம் ரோட்டுக்கு வா என்று மட்டும் சொன்னார். ஊருக்குள் அந்த நேரத்து பஸ்ஸையும் ஆட்டோவையும் தாண்டி வர அரை மணி நேரம் ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சூரியன் இறங்கியது. அவசரமும் இல்லை, தயவும் இல்லை, பனைமரத்துக்குப் பின்னால் போனது, ஏரித் தண்ணீர் கொஞ்ச நேரம் சிவந்தது, அவ்வளவுதான். மணி ஆறு பத்து.

தர்ஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "என்ன பண்றது அங்கிள். வீட்டுல சொல்லிடறேன், பொழுது சாஞ்சிடுச்சுன்னு. யார் மேலயும் தப்பு இல்ல."

"என் மேலதான் தப்பு தம்பி" என்றார் சக்கரவர்த்தி. அவருக்கு அழுகை வந்தது. அடக்கவும் சக்தி இல்லாததால் கொஞ்சம் அழுதார். முப்பது வருடமாகக் காகிதத்தில் பார்த்த பாதையை நம்பி மகளுடைய வாழ்க்கையைக் கொண்டுபோய்க் குவாரியில் போட்டேனே என்றார். தர்ஷன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அப்புறம் அவர் முகத்தைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தான்.

ஆறு முப்பத்தைந்துக்கு மதுமிதா வந்தாள். ஸ்கூட்டரின் முன்னால் நான்கு அடுக்கு கேரியர். அப்பாவின் கிழிந்த பேன்ட்டையும் முள் கீறிய கையையும் பார்த்ததும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கீறலைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"நான் கெடுத்துட்டேம்மா" என்றார் அவர்.

"விடுங்கப்பா. நீங்க வேணும்னா பண்ணீங்க? ரொம்ப வலிக்குதா?"

கோபமில்லை, வருத்தம்கூட வெளியே தெரியவில்லை. எப்பேர்ப்பட்ட மனசு என்று சக்கரவர்த்தி மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி அவளுக்காக இன்னும் பதினோரு ஊருக்கு வேண்டுமானாலும் பஸ் ஏறுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். கால் அதற்கு ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம்.

மூன்று பேர் நடுவில் கேரியர் இருந்தது. மூடியை மீறி வடையும் ஏலக்காயும் மணத்தன. மூன்று பேருக்கும் பசி. யாரும் தொடக் கூடாது.

அந்த நேரத்தில் ஜோதியம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரைமேல் வந்தாள். இத்தனை சாப்பாடும் வீணாவதற்கு ஒருத்தர் வயிறாவது நிறையட்டும் என்று சக்கரவர்த்தி அவளைக் கூப்பிட்டு கேரியரைக் கொடுத்தார். அவள் சங்கடப்படாமல் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட்டாள். மாப்பிள்ளைக்குச் செய்த வடை இரண்டு உள்ளே போனது. பாயசத்தை மூடியில் ஊற்றிக் குடித்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு முதலில் மதுமிதாவைப் பார்த்தாள், பிறகு தர்ஷனை, கடைசியாக சக்கரவர்த்தியை.

"ஏம்மா, நேத்து நீயும் இந்தத் தம்பியும் இதே வழிய முக்கா மணி நேரத்துல சுத்திட்டு வந்து, 'நமக்கு இந்தக் கல்யாணம் வேணாம், நாளைக்கு அப்பாவ எப்படிப் பொழுது சாயற வரைக்கும் இழுக்கறது'ன்னு என் எதிர்லயே பேசினு இருந்தீங்களே, அந்த அப்பா இவருதானா?"